பச்சை நூல் தையல்

ஓவியக் காலரிக்குள் நுழையும் முன் பிள்ளைகளிடம் ஒன்றைத்தான் சொன்னேன்.

"இங்க தப்பான பதிலே கிடையாது. ஆனா எதைச் சொன்னாலும், எதைப் பாத்து அப்படிச் சொல்றீங்கன்னு காட்டணும்."

எல்லாத் தலைகளும் ஆடின. பின்னால் நின்ற ஊ சான் லின்னும் தலையாட்டினார். வார்டு அலுவலகத்து ஆள். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, பள்ளிப் பிள்ளைகள் எங்கே போனாலும் கூடவே ஒருவர் வருவது எங்கள் வார்டில் வழக்கமாகிவிட்டது. வேனில் எல்லோருக்கும் புளி மிட்டாய் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்கத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது அறையில் கூரையை மறைத்துத் துணி தொங்கியது. நீலம், சாம்பல், ஊதா என்று நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒட்டுப்போட்ட விதானம். துண்டுகளுக்கு நடுவே கறுப்புக் கோடுகள். பலகையில் 'வானம்' என்று மட்டும் எழுதியிருந்தது. செய்தவர் பெயர் இல்லை. "யாருக்கும் தெரியாது. தெரியாதவரைக்கும் நல்லது" என்று காலரி நடத்தும் பெண் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். நான் அதைக் கலைஞர்களின் கிறுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

"என்ன தெரியுது?" என்றேன்.

"மழைக்கால வானம், டீச்சர்."

"இல்ல டீச்சர், நம்ம பியே வீட்டுக் கொசுவலை. அதுலயும் இத்தனை ஒட்டு."

"போடா, உங்க வீட்டுல கொசுவலையே கிடையாது. கொசுவே உன்னைப் பாத்து ஓடிடும்!"

ஊ சான் லின்னும் சிரித்துவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு துணிக்கு நேர் கீழே வந்து அண்ணாந்து பார்த்தார்.

தின்சா அதிகம் பேசாத பெண். அன்று கை தூக்கினாள்.

"டீச்சர், இது கைலி."

"எதைப் பாத்து அப்படிச் சொல்ற?" யோசிக்கும் முன்பே பழக்கம் கேட்டுவிட்டது.

"கறுப்புப் பட்டை இருக்கே. பொம்பளைங்க கைலிக்குத்தான் இடுப்புல அப்படித் தைப்பாங்க."

பெண்கள் கைலிக்குக் கீழே போனால் ஆணின் மகிமை போய்விடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பையன்கள் தலையைப் பிடித்துக்கொண்டு அலறி ஓடினார்கள். "ஐயோ, கீழ நின்னுட்டேன்! மகிமையெல்லாம் போச்சு! பரீட்சையில பெயில்தான்!"

"நீ நேத்தே பெயில்தானடா!"

ஊ சான் லின் ஓடவில்லை. தண்ணீரிலிருந்து வெளியே வருபவர் போல மெல்ல ஒரு அடி நகர்ந்தார். கை தானாகத் தலைக்குப் போய்த் திரும்பியது. அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம் பெண்கள் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டிக் கைலிகளைத் தொங்கவிட்டார்கள். சிப்பாய்கள் கீழே வரப் பயந்து நின்றார்கள். கட்டிய பெண்களை அப்புறம் வீடு வீடாகத் தேடிப் பிடித்தார்கள்.

"வேற என்ன தெரியுது, மகளே?" என்று அவர் கேட்டார். என் கேள்வி, என் குரலின் அதே கனிவு.

"தின்சா, அது சும்மா துணி" என்றேன். "நீ சொன்னது தப்பு."

அவள் என்னைப் பார்த்தாள். வருத்தமில்லை அந்த முகத்தில், பிடிவாதம்தான்.

"தப்பே கிடையாதுன்னு சொன்னீங்களே டீச்சர். இருங்க, காட்டறேன்." தாழ்ந்து தொங்கிய ஓரத்தை எட்டிப் பிடித்தாள். "கறுப்புல கறுப்பு நூல் கண்ணுக்குத் தெரியலன்னு எங்கம்மா பச்சை நூல் போடுவாங்க. முனையில திரும்பி மூணு தையல். பாருங்க. இது எங்கம்மா தெச்சது."

என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் அவ்வளவு நன்றாகப் பதில் சொன்னதில்லை. எனக்கு முதலில் வந்தது பெருமை. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஒரு நொடிப் பெருமையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"கெட்டிக்காரி. நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க, டீச்சர்" என்றார் அவர். "அம்மாவோட தையல் கடை எங்க, மகளே?"

உதவி செய்யும் ஆசையில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தினார்கள்: "மீன் சந்தைக்குப் பின்னால!"

அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

மற்ற பிள்ளைகளைக் காலரிப் பெண்ணிடம் விட்டுவிட்டு, தின்சாவைப் பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போய் டாக்சி பிடித்தேன்.

கடையில் அவள் அம்மா டோ கைங் தையல் மெஷினில் குனிந்திருந்தாள். "என்ன டீச்சர், இந்நேரத்துல? இவ வாந்தி கீந்தி எடுத்தாளா?"

நான் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அம்மா, உன் தையலைக் கண்டுபிடிச்சுட்டேன்! எல்லாருக்கும் காட்டினேன்!"

மெஷின் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. டோ கைங் மகளைப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டாள்.

"எல்லாருக்குமா?"

"வார்டு ஆபீஸ் ஆளும் இருந்தார்."

அவள் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அலமாரிக்குப் பின்னாலிருந்து, எப்போதோ கட்டிவைத்த ஒரு பையை எடுத்தாள். மகளின் கன்னத்தைத் தடவினாள். "நல்லாப் பாத்திருக்க. வா, பஸ்ல போலாம்."

"டீச்சர் வரலியா?"

"அவங்களுக்கு வேலை இருக்கு."

பின்பக்கச் சந்துக் கதவு அவர்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கடைக்கு முன்னால் ஒரு வண்டி வந்து நின்றது. கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. கடை வாசலுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு திரைதான். டோ கைங் உள்ளே இருக்கிறாள் என்று அவர்கள் நம்பும் ஒவ்வொரு நிமிஷமும் பஸ் நிறுத்தத்தை நோக்கி அவளுக்குக் கிடைக்கும் ஒரு நிமிஷம்.

எனக்குத் தைக்கத் தெரியாது. முதுகைத் திரைக்குக் காட்டி உட்கார்ந்து, மெஷினை மிதிக்கத் தொடங்கினேன்.