வெள்ளைக்கோழிக் குடி

பதியுதீன் மரைக்காருக்குக் கோழி வளர்க்க வேண்டிய எந்தத் தேவையும் இருக்கவில்லை. சம்மாந்துறையில் நெல்லு மில் ஓடிக்கொண்டிருந்தது. வயல் இருந்தது. முட்டை தின்றால் அவருக்கு வயிறு ஊதும். இருந்தும் கல்முனையில் அவருடைய வளவின் பின்பக்கம் முழுவதும் கம்பிவலைதான். கோழிகளுக்குச் சீமெந்துத் தரை போட்டு, மேலே ஓடும் வேய்ந்து கொடுத்திருந்தார். அவருடைய பெண்சாதி ஆயிஷா உம்மா சோறு சமைக்கிற குசினிக்கு இன்னும் மண்தரைதான்.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கோழியைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் போதாது, வரலாறும் கேட்க வேண்டும். அரசாங்கப் பண்ணையிலிருந்து லெகோன் என்கிற சீமைச் சாதி வெள்ளைக் கோழிப் பேடு ஒன்றைக் கூடையில் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வந்த கதை அது. சொந்தப் பிள்ளைகளை அவர் ஒருநாளாவது மடியில் வைத்திருந்ததை யாரும் கண்டதில்லை. கூடவே வந்த லெகோன் சேவலைக் கீரி கொண்டுபோய்விட்டது. அதற்காக அவர் கவலைப்படவில்லை. தாய் இருக்கிறாள், தாய்தானே குடி என்றார்.

அந்த ஊர்களில் பிள்ளைக்குக் குடி உம்மாவின் வழியில்தான் வரும். வாப்பா எந்தக் குடியில் பிறந்தவராக இருந்தாலும் பிள்ளை உம்மாவின் குடி. பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்கார் இருப்பார். நல்லது கெட்டது எதுவும் அவர் வாயைத் திறக்காமல் நடக்காது. மனிதருக்கு இருக்கிற இந்தச் சட்டத்தைப் பதியுதீன் மரைக்கார் கோழிக்கும் போட்டுவிட்டார். பக்கத்து வளவு நாச்சியாவின் சேவல், கழுத்தில் ஒரு மயிரும் இல்லாத மொட்டைக் கழுத்துச் சேவல், வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. பொரித்த குஞ்சுகள் தாயைப்போல வெள்ளையாக இருந்ததால் மரைக்காருக்குப் பரம திருப்தி. பிறகு பிறகு வந்தவற்றில் சிலது மண்ணிறம் தட்டிப் போனது. சிலது கழுத்து மொட்டையாக, உரித்துப்போட்ட மாதிரிச் சிவந்துகொண்டு நின்றது. அது கச்சான் காற்றுச் சூட்டுக்கு உதிர்ந்தது என்று அவர் முடிவெடுத்தார். லெகோன் பேடு சாமானியத்தில் அடை கிடக்காது. இவருடைய பேடுகளோ நாச்சியாவின் ஊர்க்கோழியைப்போல மாதக்கணக்கில் அடை கிடந்தன. பொறுமைசாலிகள் என்று அதற்கும் ஒரு பேர் வைத்தார்.

சுபைறாவுக்கு இதையெல்லாம் பார்க்கும்போது பற்றிக்கொண்டு வரும். அவள் மரைக்காரின் தங்கச்சி றுகையாவின் மகள். பேராதனையில் விலங்கியல் படித்துப் பட்டம் எடுத்துவந்து, பெண்கள் பாடசாலையில் படிப்பிக்கிறாள். குடியிலே முதல் பட்டதாரி. வருகிறவர்களுக்கு மாமா அவளையும் காட்டுவார், கோழிகளுக்கு அடுத்தபடியாக. சேவலிடமிருந்தும் பாதி வரும் என்று அவள் ஒருமுறை விளக்கப் போனாள். மாமா சிரித்துவிட்டு, புத்தகம் எழுதினவன் கோழி வளர்த்திருக்க மாட்டான் என்றார். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். மில்லில் கிடக்கிற தவிட்டு மூட்டைக்குக் காது இருந்திருந்தால் அதுக்காவது விளக்கியிருப்பாள்.

ஆனால் மாமாவிடம் அவளுக்கு ஒரு காரியம் இருந்தது. அதுதான் கேவலம்.

ஜுனைதீன் நிந்தவூரில் கணக்குப் படிப்பிக்கிறவன். கம்பசில் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவன். இரண்டு பேருக்கும் விருப்பம். மாப்பிள்ளை கேட்டுப் போகவேண்டியது பெண் வீட்டார். வாப்பா மௌத்தாகி இல்லாமல்போன வீட்டில் பெண் வீட்டார் என்றால் மாமாதான். அவர் ஒரு நடை நிந்தவூருக்குப் போய்க் கேட்டால் போதும், காரியம் முடிந்தது. மாளிகைக்காட்டில் வேறொரு பெண் வீட்டார் சீதனமாகப் புது வீட்டைக் காட்டி ஜுனைதீனைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பார்ப்பேன், அதற்குப் பிறகு அவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது என்று அவனுடைய உம்மா சொல்லியனுப்பியிருந்தாள்.

றுகையா கையைப் பிசைந்துகொண்டு, தான் காக்கா என்று கூப்பிடும் அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவர் கூட்டுக்குள் குருணல் வீசிக்கொண்டிருந்தவர், திரும்பியும் பார்க்கவில்லை.

"படிச்ச பொடியன்தான். ஒஸ்தாட மகனெல்லுவா."

ஜுனைதீனின் உம்மாவின் குடி நல்ல குடி. அதில் அவருக்குப் பேச்சில்லை. வாப்பாதான் பிரச்சினை. வாப்பா, வாப்பாவின் வாப்பா எல்லாரும் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுன்னத்து வைத்த ஒஸ்தாமார். அந்த வீட்டுக் கத்திக்குத் தப்பிய ஆண்பிள்ளை அந்தப் பக்கத்தில் யாருமில்லை, மரைக்கார் உட்பட. அன்று அந்தக் கை தேவைப்பட்டது. இன்று அந்தக் கைக்குப் பிறந்தவன் மாப்பிள்ளைப் பாயில் இருந்தால் குடிக்கு மரியாதை போய்விடுமாம். றுகையா வீட்டுக்கு வந்து, காக்கா சொன்னால் அதில் ஒரு நன்மை இருக்கும் என்றாள். சுபைறா உம்மாவைப் பார்த்த பார்வையில் அவள் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த மாதம் சம்மாந்துறையில் விவசாயக் கண்காட்சி வைத்தார்கள். கோழிகளுக்கும் பரிசு இருந்தது. மாமா இரண்டு நாளாகப் பேடுகளுக்குச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினார். சுபைறாவையும் வரச்சொன்னார். மிருக வைத்தியர் ஏதாவது இங்கிலீசில் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமாம். போகாமல் விடத்தான் நினைத்தாள். பெருநாளைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கிடந்தது. இப்போது மாமாவைப் பகைக்க முடியாது என்ற நினைப்பில் காரில் ஏறினாள். மடியில் கோழிக்கூடை.

கண்காட்சி மைதானத்தில் ஊர்ப் பெரிய மனுசர் எல்லாரும் வெள்ளைத் தொப்பியோடு நின்றார்கள். பள்ளிவாசலில் மாமாவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற மீராசாஹிபு மரைக்காரும் நின்றார். அவருக்குக் கோழியில் ஆசையில்லை. பதியுதீன் விழுவதைப் பார்க்க வந்திருந்தார்.

மிருக வைத்தியர் தங்கத்துரை ஒரு பேட்டைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொட்டைக் கழுத்தை விரலால் தடவினார். இதுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சூடு என்றார் மாமா. சேவல் எது என்று கேட்டார் வைத்தியர்.

"சேவல் எதுவா இருந்தா என்ன டொக்டர்? தாய் லெகோன். தாய்ர தாயும் லெகோன். எங்கட பக்கம் குடி தாய்வழிதான்."

வைத்தியர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். பேட்டைக் கொண்டுபோய் ஊர்க்கோழி அடைப்பில் விடும்படி காவலாளிக்குக் கைகாட்டப் போனார். மீராசாஹிபு தொண்டையைச் செருமினார். மாமாவின் முகம் அந்தக் கழுத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. சட்டென்று சுபைறாவின் பக்கம் திரும்பினார். எங்கட புள்ள பேராதனையில இதத்தான் படிச்ச, அவட்டக் கேளுங்க என்றார்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல ஒரு வசனம் போதும். நாச்சியாவின் சேவல் என்றால் முடிந்தது. மாமா அந்த மைதானத்திலேயே செத்த மாதிரித்தான். அந்த ஆசை அவளுக்குத் தொண்டைவரை வந்தது. அப்போதுதான் அவர் இப்போது சொன்னதை, இத்தனை தொப்பிக்கு முன்னால் சொன்னதை, அவள் காது திரும்பக் கேட்டது.

"மாமா சொல்றது எங்கட ஊர் வழக்கம் டொக்டர்," என்றாள். "தாய்ர குடிதான் குடி. வாப்பா ஆரெண்டு பாக்கிறல்ல. அப்படித்தானே மாமா?"

"ஓம் ஓம். அப்படித்தான்."

"வாப்பா ஆரா இருந்தாலும் சரிதானே?"

"ஆரா இருந்தா என்ன புள்ள."

"ஒஸ்தாவா இருந்தாலும்?"

மாமா தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். மீராசாஹிபுவுக்கு விளங்கிவிட்டது. நிந்தவூர்க் கதை ஊருக்குள் யாருக்குத் தெரியாது. அவர் வைத்தியரைப் பார்த்து, மரைக்கார் ஓம் என்றால் கோழி லெகோன், இல்லை என்றால் ஊர்க்கோழி, கேட்டு எழுதுங்க என்றார். பக்கத்தில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

மாமா மருமகளைப் பார்த்தார். பிறகு வைத்தியரின் கையில் கிடந்த பேட்டைப் பார்த்தார். அவருக்கு எது பெரிது என்று சுபைறாவுக்குத் தெரியும். தெரிந்ததுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஓம்," என்றார் பேட்டைப் பார்த்தபடி.

வைத்தியருக்குப் பகல் சாப்பாட்டு நேரம். அன்றைய சாப்பாடு மரைக்காரின் வீட்டுச் செலவு. பேடு லெகோன் அடைப்பிலேயே நின்றது. நன்றாகப் பராமரித்ததற்கென்று ஓர் ஊக்கப்பரிசும், அலுமினியத் தாச்சிச் சட்டி ஒன்று, கொடுத்தார்கள். போகிற வழியில் வைத்தியர் அவளிடம் மெதுவாக, விலங்கியல்தானே படிச்சனீங்க என்று கேட்டார்.

"ஓம் டொக்டர். இந்த விலங்க மட்டும் அங்க படிப்பிக்கல்ல," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் மீராசாஹிபு அதையே சொன்னார். பதியுதீன் மரைக்கார் வாப்பாவைப் பார்ப்பதில்லையாம், பெரிய மனசு என்றார். சொன்னதை மாற்றினால் கோழி போய்விடும். மாற்றாவிட்டால் ஒஸ்தாவின் மகன் வந்துவிடுவான். மாமா கூட்டுக்குள்ளேயே இருந்து யோசித்தார். பெருநாளைக்கு முந்தின கிழமை வெள்ளைச் சாரனும் உடுத்து, ஒரு வாழைப்பழக் குலையும் எடுத்துக்கொண்டு நிந்தவூருக்குப் போனார்.

றுகையா அழுதாள். காக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். சுபைறாவுக்குச் சந்தோசம் வரத்தான் செய்தது. ஆனால் அதற்குள் கோழிப்பீ நாற்றம் அடித்தது. தன் படிப்பு, தன் விருப்பம், அவன் நல்லவன் என்பது, இதில் எதற்கும் அந்த மனுசன் அசையவில்லை. மொட்டைக் கழுத்துப் பேடு ஒன்றுக்காக அசைந்தான். இப்படிப்பட்டவர்கள் ஓம் என்று சொல்லத்தான் தானும் காத்துக் கிடந்தாள் என்பது அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

நிந்தவூரிலிருந்து வந்த அன்று மாமா அவளைக் கூட்டடிக்குக் கூப்பிட்டார். அலுமினியத் தாச்சியில் கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் ஊருக்கே நீதி வழங்கிய களை.

"கேட்டுட்டு வந்திரிக்கன் புள்ள. நான் யோசிச்சிப் பாத்தன். அவன்ட வாப்பா எவனாயிருந்தா என்ன? உன்ட புள்ளயள் எங்கட குடிதானே."

வேலிப் பொட்டுக்குள்ளால் நாச்சியாவின் சேவல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் காணவில்லை.

"ஓம் மாமா," என்றாள் சுபைறா. "கழுத்துல மயிர் இல்லாட்டியும் எங்கட குடிதான்."

அவர் தலையாட்டினார். தாச்சியை நிரப்ப அவளிடமே வாளியை நீட்டினார்.