சைவ வீட்டுச் சமையலறை

நிஷாவின் சமையலறையில் மூன்று துணிகள் தொங்கும். மேடைக்கு நீலம், அடுப்புக்குச் சிவப்பு, கை துடைக்க வெள்ளை. காலையில் மதியழகன் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடியதும், குழந்தை தூங்கும் நேரம் பார்த்து அவள் ஆரம்பித்துவிடுவாள். மேடையை வினிகர் கலந்த தண்ணீரால் துடைப்பாள். சிங்க்கின் சல்லடையைக் கழற்றி எலுமிச்சைத் தோலால் தேய்ப்பாள். டப்பாக்கள் உயர வாரியாக, லேபிள் முன்பக்கம் தெரிகிறபடி நிற்கும். சிட்லபாக்கத்தில் அந்தத் தெரு முழுக்கத் தேடினாலும் இப்படியொரு அடுக்களை கிடைக்காது. இத்தனைக்கும் பிறந்த வீட்டில் தின்ற தட்டைக்கூட எடுத்து வைக்காதவள்.

வீடு பார்க்க வந்த அன்று, மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா கீதா, "நீங்க வெஜ்தானே?" என்று கேட்டார். நிஷா வாயைத் திறப்பதற்குள் மதியழகன் "ஆமா மேடம், ப்யூர் வெஜ்" என்று முந்திக்கொண்டான். ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம், நல்ல தண்ணீர், கையைக் கடிக்காத வாடகை. அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. அன்று சொன்ன பொய்யைத்தான் இவள் இன்றுவரை துடைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் அக்ரிமெண்டைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் பயந்து துடைத்தாள். பிறகு பழக்கத்தில் துடைத்தாள். பிரசவம் முடிந்து, குழந்தைக்கு மூன்றாம் மாதம் திரும்பி வந்ததிலிருந்து பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. கை பாட்டுக்குத் துடைக்கிறது. குழந்தை சிரித்தால் இவளும் சிரிக்கிறாள், அவ்வளவுதான். பாலும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. அம்மா வீடு திருவான்மியூர் பக்கம் என்று கீதாவிடம் சொல்லி வைத்திருந்தாள். கோவளம் குப்பம் என்றோ, அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள் என்றோ சொல்லவில்லை. அம்மாவிடமும் வராதே என்று நேராகச் சொன்னதில்லை. "நானே வரேம்மா, நீ எதுக்கு அலையுற" என்று சொல்லிச் சொல்லியே தள்ளிப் போட்டாள்.

பால் பற்றவில்லை என்று போனில் வாய் தவறிச் சொன்னதுதான் தப்பு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா பூவம்மாள் வாசலில் நின்றாள். வியாபாரத்துக்குப் போகாமல், நல்ல புடவை கட்டி, முகத்தில் பவுடர் பூசி, ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாள். உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கையை மகளின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு. வாசம் அடிக்குதா? சோப்பு போட்டு ரெண்டு தபா கழுவிக்கினுதான் வந்தேன்."

பைக்குள் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் எவர்சில்வர் டப்பா. பால்சுறாப்புட்டு. குப்பத்தில் பிள்ளை பெற்றவளுக்கு இதைச் செய்து கொடுக்காத தாய் கிடையாது. சுறாவை வேகவைத்து, உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் நிறையப் போட்டு வதக்கினால் பால் ஊறும் என்பது அவர்கள் கண்ட மருந்து.

"சுட வெக்காதம்மா. அப்படியே சாப்பிடுறேன்."

"பச்சத் தண்ணியாட்டம் கீது. இத்த துன்னா பால் எங்கேர்ந்து ஊறும்?"

நிஷாவுக்கு வாதாடத் தெம்பில்லை. வாணலியில் போட்ட இரண்டாவது நிமிடமே பூண்டோடு சேர்ந்து சுறா வாசம் கிளம்பியது. மாடியில் இருப்பவர்கள் சைவம் என்று தெரிந்த பூவம்மாளுக்கே பகீரென்றது. அடுப்பை அணைத்துவிட்டு, சாமி அலமாரியிலிருந்த கப் சாம்பிராணியில் இரண்டை எடுத்து ஒன்றாகக் கொளுத்தினாள். அதுதான் வினையாகப் போயிற்று. ஜன்னலை மூடியிருந்தால் மீன் வாசம் கீழேயே கிடந்திருக்கும். சாம்பிராணி படியேறி மாடிக்குப் போய்விட்டது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் நிஷா புட்டைக் குக்கருக்குள் தள்ளி மூடி போட்டாள். வாணலியைத் தண்ணீரில் அமுக்கினாள். கீதா நேராகச் சமையலறைக்கே வந்தார். சாம்பிராணிப் புகையில் மீன் வாசம் அமுங்கிப் போயிருந்தது.

"என்ன நிஷா, வியாழக்கிழமையில சாம்பிராணி? மாடி வரைக்கும் மணக்குது. குழந்தைக்குத் தலைக்கு ஊத்தினீங்களா?" என்றவர் பூவம்மாளைப் பார்த்தார். "இவங்க யாரு?"

நிஷா வாயைத் திறந்தாள். ஒரே ஒரு சொல்தான் சொல்ல வேண்டியது. அடுத்த மாத அக்ரிமெண்டை நினைத்துத்தான் சொல்லவில்லை என்றால்கூடப் பொருத்தமாக இருக்கும். அவள் அதையும் நினைக்கவில்லை. மேடையில் தெறித்திருந்த ஒரு சொட்டு எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொயந்தைக்கு ஊத்துறதுக்கு வந்துகீறேம்மா" என்றாள் பூவம்மாள்.

கீதாவுக்கு முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. எங்க தீபாவுக்கு அடுத்த மாசம் டெலிவரி. குளிப்பாட்டத் தெரிஞ்ச ஆள் தேடித் தேடி அலுத்துட்டேன். நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க? நானும் வந்து பார்க்கிறேன்."

"ஒம்போது மணிக்கு வந்துர்றேம்மா."

போகிறவர் நின்று அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். "கிச்சனை எப்படி வெச்சிருக்கா பாருங்க. தீபாவுக்கு ஒரு போட்டோ அனுப்பறேன், அப்பவாவது அவளுக்குப் புத்தி வருதான்னு பார்ப்போம்." போனைத் தூக்கியவர், "கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா" என்றார். பூவம்மாள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவோரம் தள்ளி நின்றாள். டப்பாக்களும் மூன்று துணிகளும் குக்கரும் படத்தில் விழுந்தன.

"உங்க அம்மா ஒருநாள் வந்து பார்க்கணும் நிஷா. பொண்ணு குடித்தனம் பண்ற அழகைப் பார்த்தா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க."

"வருவாங்க ஆன்ட்டி."

கீதா மாடியேறிப் போனபிறகு பூவம்மாள் குக்கரைத் திறந்து, புட்டைத் தட்டில் கொட்டி மகளிடம் நீட்டினாள். நிஷா நின்றுகொண்டே தின்றாள். அம்மா அழுவாள், இல்லை நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"அம்மா, நான் சொல்லியிருக்கணும்."

"வுடு. எனக்கு ஒரு பேஜாரும் இல்ல. இப்டினா டெய்லி கொயந்தைய பாக்கலாம்ல."

அந்தச் சொல்லுக்கு நெஞ்சு வெடித்திருக்க வேண்டும். நிஷா தட்டைக் கழுவினாள். பிறகு மேடையைத் துடைத்தாள்.

மறுநாள் ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே பூவம்மாள் வந்துவிட்டாள். வாசல் வழியாக வரவில்லை. பாத்திரம் துலக்குகிறவர்கள் வரும் பக்கவாட்டு கேட்டைத் திறந்துகொண்டு பின்பக்கம் வந்தாள். பவுடர் இல்லை, பழைய புடவை, கையில் எண்ணெய் பாட்டில். கீதா சொன்னபடி இறங்கி வந்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பூவம்மாள் சமையலறைக்குப் பின்னால் துவைக்கிற இடத்தில் புடவையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு, காலை நீட்டி, குழந்தையைக் கவிழ்த்துப் போட்டாள். முதுகில் எண்ணெய் இறங்கிய விதத்தைப் பார்த்து கீதா தலையாட்டினார்.

"ரொம்ப வருஷமா இதே வேலையா?"

"இல்லம்மா. ஒரே ஒரு புள்ளைக்குத்தான் ஊத்திகீறேன்" என்ற பூவம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. குழந்தையின் பிடரியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பக்கத்தில் சொம்போடு நின்ற மகளிடம் சொன்னாள்: "சூடு போதுமான்னு பாருங்க மேடம்."

நிஷா குனிந்து வாளிக்குள் கையை விட்டாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. கை மணிக்கட்டுவரை உள்ளே இருந்தது. சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கீதாவும் பூவம்மாளும் அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். அவள் கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றாள்.