கை வைக்காத ஓட்டம்

பாக் யோப்பியின் கணினியைத் திறந்து பார்த்ததும் நோல்டிக்கு வயிறு எரிந்தது. காற்றாடியின் இறக்கை எது, தூசு எது என்று தெரியவில்லை. நினைவகப் பட்டைகள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்திலேயே செருகி வைத்திருந்தார்கள். ஒன்று விட்டு ஒன்றில் செருகினால்தான் இரண்டும் சேர்ந்து உழைக்கும் என்கிற அரிச்சுவடி மெனாடோ ஊரில் ஒருத்தனுக்கும் தெரியாது போலிருக்கிறது.

“இதை மாட்டிக் கொடுத்த மகராசன் யாரு பாக்? அவன் கையை ஒடிக்கணும்.”

“ரெஃப்லிதான்” என்றார் பெரியவர் யோப்பி. ‘பாக்’ என்றால் அந்த ஊரில் ‘ஐயா’ மாதிரி.

நோல்டிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ரெஃப்லி அவருடைய ஒரே மகன். செத்து ஏழு மாதம் ஆகிறது. பாப்புவா மலைகளுக்குள் ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவன், யுவாமி பள்ளத்தாக்கின் முனையில் இடப்பக்கம் திரும்பாமல் நேரே போய் மலையில் மோதினான். கூட இருந்த ஆறு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். விசாரணை அறிக்கை போன மாதம்தான் வந்தது. திரும்புவதற்கு ஒன்பது வினாடி இருந்தது, விமானி திரும்பவில்லை. இவ்வளவுதான் அதன் சாரம்.

பெரியவர் அதை நம்பவில்லை. எந்தத் தகப்பன் நம்புவான்? வானிலை அலுவலகத்தில் முப்பது வருஷம் மேகத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வாங்கிய மனுஷர் அவர். அறிக்கையில் இருந்த உயரம், வேகம், திசை, மேகம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து, மகன் விட்டுப்போன வீட்டு விமானத்தில், அதாவது கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் அமைப்பில், ஏற்றினார். கணினித் திரைதான் விமானத்தின் கண்ணாடி, மேஜையில் ஒரு பிடி, காலடியில் இரண்டு மிதி. தானே உட்கார்ந்து ஓட்டினார். நூறு தடவைக்கு மேல் ஓட்டினார். நூறு தடவையும் மலைதான்.

“எவனாலயும் திரும்ப முடியாது நோல்டி. நான் பாத்துட்டேன். அந்த மூலையில வழியே இல்ல. என் பையன் மேல பழியப் போட்டுட்டானுங்க.” ஆமா பாக் என்று நோல்டியும் தலையாட்டினான்.

சனிக்கிழமை தேவாலய மண்டபத்தில் கூட்டம். செத்த ஆறு பேரின் வீட்டு ஆட்களும் வருகிறார்கள். ஆல்ச்சே வருகிறாள். அவள் மகள் டீச்சர், இருபத்தாறு வயது, விமானியின் பின் சீட்டில் இருந்தவள். அடக்கத்தன்று ஆல்ச்சே பெரியவரின் சட்டையைப் பிடித்து, “உன் மகன் என் பொண்ணைக் கொன்னானா? சொல்லு” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவர் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, இல்லை என்றார். சனிக்கிழமை, திரும்ப வழியே இல்லை என்பதைப் படமாகக் காட்ட வேண்டும். அதற்குப் படம் ஒழுங்காக ஓட வேண்டுமே! இழுத்து இழுத்து ஓடுகிறது, அந்த மூலைக்கு வந்ததும் கல்லாய் நின்றுவிடுகிறது. இதைக் காட்டினால் சிரிப்பார்கள். அதனால்தான் நோல்டியைக் கூப்பிட்டார்.

மெனாடோவில் வீட்டு விமானம் ஓட்டுகிறவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருக்கிறார்கள். யாருக்குப் படம் திக்கினாலும் நோல்டிதான் வைத்தியன். வைத்தியத்துக்கு அவன் வைத்திருக்கும் விதிகள் மூன்று. எந்த இடத்தில் மிஷின் அதிகம் திணறுகிறதோ அந்தப் பறப்பிலேயே அளக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். அளக்கும்போது விமானத்தைத் தானியங்கியில் விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கை பட்டால் ஒவ்வொரு ஓட்டமும் ஒவ்வொரு மாதிரிப் போகும், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. கை பட்ட ஓட்டத்தை அவன் நோட்டில் எழுதுவதே இல்லை. நிறைய பேர் அளக்காமலே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவர்களைக் கண்டால் நோல்டிக்கு ஆகாது. “உனக்கு வேகமா ஓடற மாதிரி தோணுதா? தோணறதெல்லாம் உன் பெண்டாட்டிகிட்ட சொல்லு. எண்ணைக் காட்டு” என்பான்.

“எங்க பாக் திணறுது?”

“ஒரே இடத்துலதான். அந்த மூலையில.”

ஆக, அளக்க வேண்டிய பறப்பு அதுதான். விதியை எழுதினவனே அதில் மாட்டிக்கொண்டான். வேறு ஏதாவது பறப்பில் அளக்கலாம் என்றால், நோய் ஒரு இடத்திலும் மருந்து ஒரு இடத்திலும் போடுகிற கதையாகிவிடும்.

முதல் ஓட்டம் நான்கு நிமிஷம். மேகத்துக்குள் நுழைந்து, வெளியே வந்து, பச்சை மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கின. திரையின் ஓரத்தில் வினாடிக்கு எத்தனை படம் என்று ஓடுகிற எண் பதினொன்று காட்டியது. மூலையில் இரண்டுக்கு இறங்கிப் படம் உறைந்தது. மூன்று வினாடி, நான்கு வினாடி. படம்தான் நின்றதே தவிர உள்ளே விமானம் நிற்கவில்லை. மறுபடி அசைந்தபோது கண்ணாடி முழுக்க மலை. மோதல் சத்தம் ஒலிபெருக்கியில் வெடித்தது. நோல்டி துள்ளிப்போனான்.

“சத்தத்தைக் குறைச்சு வைக்கட்டுமா பாக்?”

“நீதானே சொன்ன, ஒண்ணும் மாறக் கூடாதுன்னு. இருக்கட்டும்.”

அவருடைய மகன் செத்ததை அவர் முன்னாலேயே ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று தடவை ஓட்ட வேண்டியிருந்தது. புதன்கிழமை முழுக்க ஓட்டினான். பட்டைகளை மாற்றிச் செருகினான், எண் பத்தொன்பது ஆனது. தூசு தட்டினான், இருபத்து நான்கு. நிழல்களைக் குறைத்தான், முப்பத்தாறு. எண் மேலே எழும்பி எழும்பி விழுகிற படத்தைவிட நிதானமாக ஓடுகிற படம்தான் கண்ணுக்கு நல்லது என்று முப்பதில் பூட்டினான். வழி நெடுக முப்பது நின்றது. மூலை மட்டும் அசையவில்லை. அதே உறைதல், அதே வெடிச்சத்தம். பெரியவர் முதல் சில தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு அடுக்களைக்குப் போய்விட்டார். அங்கே இருந்தாலும் சத்தம் கேட்கத்தான் செய்யும். சின்ன வீடு.

வியாழக்கிழமை மத்தியானம், நல்ல மழையில், நோல்டிக்குப் பிடி கிடைத்தது. வைரஸ் தடுப்பான்! திரைக்கு ஒவ்வொரு மலை வரும்போதும், அந்தப் பாவி அதன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. மூலையில் ஒரே நேரத்தில் அடுத்த பள்ளத்தாக்கு முழுவதும் வந்து நிற்கிறது. வாசலில் ஒருத்தன் எல்லோர் பையையும் சோதித்தால் கூட்டம் நிற்காமல் என்ன செய்யும்? அந்த மலைக்கோப்புகளைத் தொடாதே என்று தடுப்பானுக்குச் சொல்லிவிட்டு, நாற்பத்தோராவது ஓட்டத்தை விட்டான்.

முப்பது. முப்பது. மூலை வந்தது. முப்பது!

“வந்துருச்சு!” என்று கத்தப் போனவன் வாயை மூடிக்கொண்டான்.

அந்த மூலையை இரண்டு நாளில் முதல் தடவையாக அவன் முழுசாகப் பார்த்தான். பெரியவருக்கும் அவனுக்கும் இதுவரை உறைந்து கிடந்த நான்கு வினாடிக்குள் இடப்பக்கம் பள்ளத்தாக்கு வாயைத் திறந்து கிடந்தது. கீழே ஆறு, இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் லாரி திருப்புகிற மாதிரி அகலமான வெளி. விமானம் கை வைக்க ஆளில்லாமல் அதைக் கடந்து நேரே போய் மோதியது.

அடுக்களையில் எண்ணெய் பொரிகிற சத்தம். பெரியவர் அவனுக்காக வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்ததை அவன் செய்திருக்கக் கூடாது. எழுந்து, படம் சரியாகிவிட்டது பாக் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருஷமாக வீட்டு விமானம் ஓட்டுகிறவன் கை சும்மா இருக்குமா? நாற்பத்திரண்டாவது ஓட்டத்தில், மூலை வந்ததும் அவன் பிடியைப் பிடித்தான். இடப்பக்கம் சாய்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினான். ஏழில் மலை வலப்பக்கமாக விலகிப் போனது. முன்னால் ஆறு, தூரத்தில் யுவாமியின் மண் ஓடுதளம். சும்மா வந்துவிட்டது. கஷ்டமே இல்லை.

அவசர அவசரமாக அந்த ஓட்டத்தை மூடினான். பிறகு, எண்ணைத் தவிர வேறெதையும் நம்பாத அந்த நோல்டி, வைரஸ் தடுப்பானை மறுபடி பழையபடி வைத்தான். மலைக்கோப்புகளைச் சோதி, நன்றாகச் சோதி, ஒவ்வொன்றாகச் சோதி.

பெரியவர் வறுவல் தட்டும் மிளகாய்த் துவையலுமாக வந்தார். கை லேசாக நடுங்கியது. அந்த நடுக்கம் இரண்டு வருஷமாகவே உண்டு. தட்டை மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கு?”

“மத்ததெல்லாம் சரியாயிடுச்சு பாக். அந்த மூலை மட்டும் வராது. மிஷின் பழசு. இதுக்கு மேல அதால முடியாது. விட்டுருங்க. கூட்டத்துல வாயாலயே சொல்லுங்க, போதும்.”

“சாப்பிடு.”

நோல்டி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான்.

“ரெண்டு நாளா அடுக்களையில இருந்து எண்ணிக்கிட்டு இருக்கேன்” என்றார் பெரியவர். “நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை வெடிக்கும். நேத்து இருபத்தேழு. இன்னிக்குப் பதினாலு. அதுக்கப்புறம் ஒண்ணு ஓட்டினே. எஞ்சின் சத்தம் கேட்டுது. நான் கரண்டியக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். வெடிக்கலை.”

மழை விட்டிருந்தது. நோல்டி தட்டைத் தள்ளி வைத்தான்.

“நான் பாதியில நிறுத்திட்டேன் பாக்.”

“எஞ்சின் சத்தம் மாறிச்சுடா. சாய்ச்சா எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாதா? பொய் சொல்லாத.”

“பாக், இது விளையாட்டு. நெசமான மேகம் இப்படியா இருக்கும்? நெசமான காத்து இப்படியா அடிக்கும்? இதுல திரும்பினா அங்க திரும்ப முடியும்னு யார் சொன்னா?”

“ஒரு மாசமா நான் மோதிக்கிட்டே இருந்தேனே, அப்ப நீ விளையாட்டுன்னு சொல்லலையே. புதன்கிழமை வந்து உக்காந்து, ஆமா பாக், வழியே இல்லன்னு நீயும்தானே தலையாட்டினே.”

அவமானத்தில் நோல்டிக்குக் காது சுட்டது.

“கை வச்ச ஓட்டம் சேராது பாக்” என்றான் கடைசியில். “அதை நான் எழுதறதே இல்ல. அது அளவே இல்ல.”

“என்ன பண்ணி வச்சியோ அதைச் சரி பண்ணு. எழுந்திரு.”

நோல்டி தடுப்பானை மறுபடி விலக்கிவிட்டு எழுந்தான். பெரியவர் மகனுடைய நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை வேட்டித்துணிபோல் தொளதொளத்த சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். பிடியில் வைத்த கை ஆடிக்கொண்டே இருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான்கு நிமிஷப் பறப்பு தொடங்கியது. மேகம் வந்தது, போனது. மலைகள் நெருங்கின. நோல்டி வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, படம் உறையட்டும் என்று கர்த்தரை வேண்டினான். கரண்ட் போகட்டும், மிஷின் எரியட்டும், என்னவாவது ஆகட்டும்.

முப்பது, முப்பது, முப்பது.

பெரியவர் சாய்த்தார். தாமதமாகத்தான் சாய்த்தார், அதுவும் நடுங்கி நடுங்கி. மலை கண்ணாடியின் ஓரம் வரை வந்து, விலகி, பின்னால் போனது. கீழே ஆறு ஓடியது. தூரத்தில் மண் ஓடுதளம். அவர் அதைப் பார்த்துக்கொண்டே, பிடியை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். விமானம் ஆற்றின் மேலே தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

“ஒன்பது வினாடி இருந்திருக்கு” என்றார். “எங்கடா பாத்துக்கிட்டு இருந்தே? ஒன்பது வினாடி எங்கடா பாத்துக்கிட்டு இருந்தே?”

கேட்டது நோல்டியை அல்ல. நோல்டி அவர் தோளில் கை வைத்தான். அவர் அதைத் தட்டிவிடவும் இல்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை. வெகுநேரம் கழித்து, திரையில் விமானம் ஓடுதளத்தையும் தாண்டிப் போன பிறகு, எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தார்.

“நோட்டை எடு. எழுது.”

“பாக், வேண்டாம். மண்டபத்துல ஒண்ணும் காட்ட வேண்டாம். நான் போய் மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“ஆல்ச்சே என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டா. நான் புத்தகத்து மேல கை வச்சேன். எழுதுடா.”

நோல்டி நோட்டைத் திறந்தான். நாற்பத்தொரு வரிகள், ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘மோதியது’. அதற்குக் கீழே நாற்பத்து மூன்று என்று போட்டான்.

“நாப்பத்திரண்டையும் போடு. நீ ஓட்டினது.”

போட்டான். இரண்டுக்கும் எதிரே ‘மோதவில்லை’ என்று எழுதினான்.

“ஓட்டினது யாருன்னு போடு. என் பேரை முழுசா எழுது.”

யோப்பி லெங்கோங் என்று எழுதினான்.

“வயசையும் போடு.”

“பாக்…”

“போடுடா. இந்த வயசுல எனக்கே திரும்ப முடிஞ்சுதுன்னு சனிக்கிழமை அவ முன்னால நான் படிக்கணும்.”

எழுபத்தொன்று என்று எழுதி, நோல்டி நோட்டை அவரிடம் கொடுத்தான்.