பால் வாங்காத வீடு

வண்டி ஓடக்கூட இல்லை. பசுமலையில், தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாசலில் ஜெனிஷா ஸ்கூட்டரைத் தள்ளித் திருப்பினாள். அது சாய்ந்தது, கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. இருபத்தாறு வயதில் இவ்வளவு சின்ன அடிக்கு எலும்பு முறியலாமா என்று டாக்டருக்கே உறுத்தியிருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் எலும்பு ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அம்மா எஸ்தரும் மகளும் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"கொலஸ்ட்ரால் முந்நூறத் தாண்டிருச்சு. எலும்பு அடர்த்தியும் வயசுக்கு ரொம்பக் கம்மி."

எஸ்தர் சிரித்தேவிட்டாள். "வேற யாரு ரிப்போர்ட்டோ மாறிருச்சு டாக்டர். இவ அப்பா நாப்பத்தோரு வயசுல நெஞ்சு வலில போயிட்டாரு. அன்னைலருந்து பதிமூணு வருசமா பாலு, முட்டை, கறி, மீனு எதையும் வீட்டுக்குள்ள விட்டதில்ல. மோரு கூடக் கெடையாது."

அம்மாவின் அந்தப் பெருமித முகம் ஜெனிஷாவுக்குப் பழக்கம். கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி கொண்டுவந்த அத்தையை வாசலோடு திருப்பி அனுப்பியபோதும் அதே முகம்தான். ஒன்பதாம் வகுப்பில் தோழியின் டிபனிலிருந்து அவித்த முட்டையைத் தின்றுவிட்டு, நாலு தடவை வாய் கொப்பளித்து, உள்ளங்கையை மோந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தவள் ஜெனிஷா.

"இது அப்பா வழில வந்ததும்மா. சாப்பாட்டக் கொறச்சா மட்டும் எறங்காது, மாத்திரை வேணும். அப்பவே பிள்ளைக்கு ஒரு டெஸ்ட் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். "சின்ன வயசுலயே கொலஸ்ட்ரால் கூட இருக்கிற சில பேருக்கு எலும்பும் கொறைவா இருக்குன்னு சொல்றாங்க. அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வளர்ற வயசுல பாலும் இல்லாம, மீனும் இல்லாம..."

எஸ்தர் பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் அம்மா கட்டுப்போட்ட கையைத் தாங்கிப் பிடித்தாள். ஜெனிஷா உதறினாள். உயிர் போகிற மாதிரி வலித்தது.

"செத்தது அப்பா. என்னைய எதுக்கும்மா நோயாளியா வளத்த?"

"ஒன்னையும் பறிகொடுத்துருவேனோன்னு பயந்தேன்டி."

"பயந்தவ ஒரு டெஸ்ட் எடுத்திருக்கணும்ல?"

எஸ்தர் ரோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எடுத்து, இருக்குன்னு சொல்லிட்டா நான் என்னடி செய்வேன்" என்றாள்.

ஜெனிஷா பஸ் வரும் பக்கம் இரண்டடி தள்ளி நின்றாள்.

பஸ்ஸில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது.

"நீ உக்காரு" என்றாள் எஸ்தர்.

ஜெனிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எஸ்தரும் உட்காரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாரும் உக்காரலையா?" என்று கேட்டாள். பிறகு தானே உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரே கம்பியை அம்மா இரண்டு கையாலும் மகள் ஒற்றைக் கையாலும் பிடித்தபடி, வீடு இருக்கும் பசுமலை வரை நின்றுகொண்டே போனார்கள்.