நல்ல அகலம் கிட்டும்

எங்கள் வீட்டுப் பின்சுவரில் விழுந்த வெடிப்பை இந்து ஃபோனில் எடுத்து அனுப்பினாள். ஒரு படத்தில் ஒரு துண்டு தெரிந்தது. இன்னொரு படத்தில் இன்னொரு துண்டு. முழு வெடிப்பும் எதிலும் இல்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. இடுக்கியில் சின்னக்கானலுக்கு மேலே தேயிலைக் காட்டுக்குள் இருக்கிறது எங்கள் லயம். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். பின்னால் இருக்கும் சந்தில் ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க முடியும். ஒரு கையைச் சுவரிலும் மறு கையை மலை வெட்டிய மண்திட்டிலும் வைக்கலாம். பின்னால் தள்ளி நிற்க இடமில்லை.

இந்து ஃபோனை மெதுவாக நகர்த்தி, எல்லாத் துண்டுகளையும் ஒட்டி ஒரே நீளப் படமாக எடுத்தாள். அம்மா அதைத் தோட்டத்து ஆபீசில் கொண்டுபோய்க் காட்டினாள். ஆபீசர் வாங்கிப் பார்த்துச் சிரித்தாராம்.

"இதென்ன வேலுத்தாயி, செவுரு பாம்பு மாதிரி வளைஞ்சிருக்கு? மகளு ஏஐ வெச்சு செஞ்சதா? ஃபோன் படமெல்லாம் இப்ப ஆரு நம்பும்? நெகட்டிவ் உண்டோ? உண்டெங்கில் கொண்டு வா, நோக்காம்."

சுவர் உண்மையிலேயே வளைந்துதான் இருந்தது.

"கேலிக்குச் சொல்லிருக்கான்மா" என்றேன் ஃபோனில். "நீங்க ரெண்டு பேரும் கெளம்பிப் போடில பெரியம்மா வீட்டுக்குப் போயிருங்க."

"எய்யா மாரி, நாமளா எறங்குனா வீட்ட விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு பூட்டிருவான். அவனா எறக்குனா வேற வீடு தரணும். லயத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச சேதிதான? அந்த நெகட்டிவு எங்க கெடைக்கும்னு பாரு."

அதன் பிறகு மழைச் செய்தி ஒன்றையும் விடாமல் பார்த்தேன். நான் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வடகரப்பதியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். பாலக்காட்டு வெயிலில் நின்றுகொண்டு இடுக்கி மழையை ஃபோனில் பார்ப்பது ஒரு நோய் மாதிரி. கையுறையைக் கழற்ற நேரம் இருக்காது. ஃபோனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். அப்படித்தான் வீட்டுக்குச் சேதி அனுப்புவேன்.

ஒருமுறை 'லயத்துச் செவுரு எப்படி இருக்கு' என்று கேட்டதை அது 'நயத்துச் செவுரு' என்று எழுதிவிட்டது.

இந்து குரல் அனுப்பினாள். "நம்ம செவுரு நயமா இருக்காம்லண்ணே! பக்கத்து வீட்டுச் சுருளியம்மா சித்திகிட்ட படிச்சுக் காட்டுனேன். உங்கண்ணன நேர்ல வந்து தடவிப் பாக்கச் சொல்லுங்குது."

பின்னால் சுருளியம்மாள் சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன். அப்புறம் அவர்கள் பின்னாலிருந்து மழைச் சத்தம் கேட்டது.

கம்பெனியில் நவீன்குமார் அண்ணனுக்கு ஃபிலிம் கேமரா கிறுக்கு உண்டு. ஊர் வடகரப்பதிதான். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நெகட்டிவும் வேணும், சந்தும் குறுகலுங்கறே. அப்ப வைடு லென்ஸ் வெச்சதுதான் ஆகும். பெருசெல்லாம் வேண்டாம். சோப்பு டப்பாவாட்டம் கைக்கு அடக்கமா இருக்கோணும்."

"எப்படிண்ணே கண்டுபிடிக்கது?"

"மூஞ்சில நம்பர் போட்டிருப்பான். இருபத்தெட்டு, இல்லாட்டி அதுக்குங் கீழ. நம்பர் சிறுத்தாத்தான் படம் அகலம். முப்பத்தஞ்சு உன்ற சந்துக்குப் பத்தாது. முப்பத்தெட்டுல ஆரம்பிச்சு மூக்கு நீண்டுட்டே போறது ஒண்ணு வரும் பாரு, அதைத் தொடவே தொடாதே."

"வெல ரெம்பவா?"

"பேரெடுத்த கம்பெனியுது ஆனை வெலை. படம் புடிச்சு நெட்டுல போடற பசங்க ஏத்தி உட்டுட்டானுக. பிளாஸ்டிக் ஒடம்பு, ஃபோகஸே பண்ண வேண்டாததுன்னு இருக்குது. உனக்கு அது போதும். ஆனா செவுத்துக்கு ரொம்பக் கிட்டப் போயிராதே, மங்கிப்போகும். திட்டு மேல முதுகை ஒட்டி நில்லு. பேட்டரி மூடியத் தொறந்து பச்சை பூத்திருக்குதான்னு பாரு. பின்மூடி ஓரத்துப் பஞ்சு பிசுபிசுன்னு இருந்தா வாங்காதே, வெளிச்சம் ஒழுகும்."

"நீங்களும் வாங்கண்ணே."

"ஏப்பா, பொண்ணா பாக்கப் போறே, நாலு பேரு கூட வர? கேமராதானே, நீயே பாரு."

நேரில் போகவும் வாய்க்கவில்லை. ஊருக்குப் போக லீவு கேட்டிருந்ததால் கடைக்குப் போக லீவு கிடைக்கவில்லை. எர்ணாகுளத்தில் பழைய கேமரா விற்கும் ஜோமோன் என்பவரின் எண்ணை அண்ணன் கொடுத்தார். அவர் மூன்று கேமராக்களின் படத்தை அனுப்பினார். மூன்றும் கறுப்பு, மூன்றும் கைக்கு அடக்கம், மூன்றிலும் முன்பக்க எழுத்து தேய்ந்து போயிருந்தது. பேட்டரி மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன், காட்டினார். பஞ்சைக் காட்டச் சொன்னேன், காட்டினார். எதை எடுப்பது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் இடுக்கிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தது.

உலைக்குப் பக்கத்தில் நின்றபடி, எனக்குத் தெரிந்த மலையாளத்தில் அவசரமாக ஃபோனில் பேசினேன்.

"சேட்டா, எனிக்கு நல்ல அகலம் வேணம். அகலம் கிட்டுந்நது ஏதா?"

உடனே பதில் வந்தது. "நடுவில் உள்ளது எடுத்தோ மோனே. நல்ல அகலம் கிட்டும்."

அவரே அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னதும் மனசு ஆறியது. பணத்தை அனுப்பிவிட்டேன்.

ஊருக்குக் கிளம்பும் அன்றுதான் பார்சல் கைக்கு வந்தது. ஃபிலிம் ரோலும் பேட்டரியும் போட்டே அனுப்பியிருந்தார் ஜோமோன். பூப்பாறையில் இறங்கி ஜீப் பிடித்து வீடு சேரும்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது. சாப்பிடாமல் சந்துக்குள் போனேன். மண்திட்டில் முதுகை ஒட்டி, கேமராவைக் கண்ணில் வைத்துப் பட்டனைத் தொட்டேன். உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு அதன் மூக்கு நீண்டது.

ஓட்டைக்குள் ஒரே ஒரு செங்கல் தெரிந்தது.

திருப்பிச் சுருக்கினேன். செங்கல் நாலைந்தானது. அதற்கு மேல் சுருங்கவில்லை. ஜோமோனைக் கூப்பிட்டேன்.

"சேட்டா, அகலம்னு கேட்டேனே!"

"அதே, அகலம் கிட்டுந்நில்லே? அக்கரெ நிக்கிற ஆளெ இக்கரெ கொண்டுவரும். அகலம் எந்நு பறஞ்சால் தூரம் அல்லே மோனே?" பிறகு குரல் தணிந்தது. "அய்யோ. நீ உத்தேசிச்சது வீதியா?"

வீதி என்றால் அவர்களுக்கு அகலம். எங்களுக்குத் தெரு. எனக்கு இது தெரியாதா? பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவன்தான் நான். பயத்தில் பேசும்போது நாக்கு வீட்டுச் சொல்லையே எடுத்துக்கொள்கிறது.

"தொடாதன்னு அந்த அண்ணன் சொன்னதையே வாங்கிட்டு வந்துட்டியா?" என்றாள் இந்து.

"தூரத்துல உள்ளதத்தான எடுக்கும்?" என்றாள் அம்மா. "அப்ப தூரத்துக்குப் போவோம். எந்திரி."

சாமான் கட்டும் பிளாஸ்டிக் தாளைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு அம்மாவும் நானும் ஓடையைத் தாண்டி எதிர் மலைக்குப் போனோம். அங்கிருந்து எங்கள் லயம் தீப்பெட்டிகளை அடுக்கியது மாதிரி இருந்தது. கேமராவின் மூக்கை நீட்டினேன். லயம் கிட்டே வந்தது. ஒவ்வொரு வாசலும் தெரிந்தது. சுருளியம்மாள் வெளியே வந்து, நெற்றிக்குக் கையை வைத்து எங்கள் பக்கம் பார்த்துவிட்டு, கையை ஆட்டினாள். பட்டனை அமுக்கினேன்.

பின்சுவர் மட்டும் அங்கிருந்து தெரியவில்லை. கூரைதான் தெரிந்தது. கூரைக்கு மேலே மண்திட்டு, திட்டுக்கு மேலே தேயிலைக் காடு. கேமராவை மெல்ல மேலே ஏற்றினேன். செடி வரிசைகள் மலையைச் சுற்றி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. ஓரிடத்தில் அறுந்து, கீழே இறங்கி, அங்கிருந்து மறுபடி ஒழுங்காகப் போயின. அறுந்த இடம் காட்டுக்குக் குறுக்கே, லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடியது. அதையும் ஒரு படம் எடுத்தேன்.

"அம்மா, இதப் பாரு."

அம்மா ஒரு கண்ணை மூடத் தெரியாமல் முந்தானையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எய்யா, மலையில்ல கழண்டு கெடக்கு" என்றாள். "செவுத்தயா பாத்துக்கிட்டு இருந்தோம்?"

வீட்டுக்கு வந்ததும் துணியை மூட்டை கட்டச் சொல்லி இந்துவிடம் சொன்னாள். வீடு போனால் போகட்டும் என்றாள். பிறகு வாசல் வாசலாகப் போய், எல்லாரும் கிளம்புங்கள் என்று கூப்பிட்டாள். நானும் கூடப் போனேன்.

சுருளியம்மாள் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மாரி, படம் எடுத்துட்டல்ல?"

"எடுத்தாச்சு சித்தி. நீங்களும் அதுல இருக்கீங்க. இப்பப் போடிக்குக் கெளம்புங்க."

"அப்பறம் என்ன பதட்டம்? கழுவிட்டு வந்து அவன் மூஞ்சிக்கு நேரா காட்டு. நெகட்டிவு கேட்டான்ல? பாத்ததும் அவனே லாரி விட்டு எறக்குவான். வேற வீடும் தருவான். ரெண்டு நாளுக்காக நானா போயி வீட்டப் பறிகுடுக்கவா? வேலுத்தாயி, நீதான இத்தன நாளும் எங்களுக்கு இதச் சொன்ன?"

நான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். லயத்தில் முக்கால்வாசிப் பேருக்கும் சுருளியம்மாள் சொன்னதே சரியாகப் பட்டது. "சீக்கிரம் கழுவிட்டு வாய்யா" என்று வாசலில் நின்று என்னை வழியனுப்பினார்கள்.

அம்மாவையும் இந்துவையும் போடியில் விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போனேன். ஃபிலிம் கழுவும் இடம் அங்கேதான் இருக்கிறது. மற்ற ரோல்களும் சேரட்டும், சேர்த்துத்தான் கழுவுவோம் என்றார்கள். காலில் விழாத குறையாகக் கேட்டதும், மறுநாள் காலையில் வா என்றார்கள்.

மறுநாள் கடை திறக்கும்முன் போய் நின்றேன். ஈரம் காயாத நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். வெள்ளையெல்லாம் கறுப்பாக, மேலே வானம் கரியாக, நடுவில் எங்கள் வாசல்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்து கூப்பிட்டாள். அழுகைக்கு நடுவே 'சித்தி' என்ற சொல் மட்டும் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. சேறும் பாறையும், வேரோடு கிடந்த தேயிலைச் செடிகளும்தான். மண் அள்ளும் வண்டிகள் இரண்டு எங்கே தோண்டுவது என்று தெரியாமல் நின்றன. ஆளாளுக்கு ஓர் இடத்தைக் காட்டி இங்கேதான் வாசல் என்று கத்தினார்கள். ஆபீசர் முழங்கால் வரை சேற்றில் நின்றிருந்தார். யாரோ என்னைக் கை காட்டியிருக்க வேண்டும். என் பக்கம் வந்தார். சிரிப்பு இல்லை.

"மோனே, லயத்தின்றெ படம் எடுத்தென்னு பறஞ்சு. நெகட்டிவ் உண்டோ?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வானத்துக்கு நேராகப் பிடித்தார். படத்திலிருந்த மலை முகட்டை அடையாளம் வைத்து, எந்த வாசல் யாருடையது, எங்கே இருந்தது என்று இடதுபக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கையைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளை உருவம் நின்ற வாசலில், முதலில் தோண்டச் சொன்னேன்.