கதவோரத்துக் கடைசிப் படம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் நெஞ்சைக் கீறிக்கொண்டு பிறக்கவில்லை. மாவீரர் நினைவுமலர்க் குழுத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா போனில் கேட்டதால் பிறந்தது.

"லெப்டினன்ட் சந்திரகுமார் எண்டு ஒருத்தர். விபரம் சொல்ல உறவுக்காரர் ஒருத்தரும் இல்லை. நீர்தான் எழுதவேணும். ரெண்டு பக்கம். வாசிக்கிற சனம் அழவேணும். ஆனா கடைசிப் பந்தியில நிமிரவேணும்."

அழுது நிமிர இரண்டு பக்கம் தாராளம். தொடங்கினேன்:

"வன்னி மண்ணின் வீர மடியில் உதித்த வேங்கை, ஏர் பிடித்த கையால்

(இதை இங்கேயே விட்டுவிடுகிறேன். வேங்கை ஏர் பிடிக்காது.)

தகவல் தேடினேன். அவருடைய ஊர்க்காரர் ஒருவர் இங்கே லண்டனில், அப்டன் பார்க்கில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறார் என்றார்கள். போனால், வழுக்கை விழுந்து தொப்பை வைத்த ஒருவர் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"லெப்டினன்ட் சந்திரகுமாரைத் தெரியுமோ?"

"லெப்டினன்டைத் தெரியாது. சந்திரகுமார் நான்தான். ஏன், கடைக்காரர் ஏதும் முறைப்பாடு சொன்னவரோ?"

அவர் செத்துவிட்டார் என்ற செய்தியை அவருக்குச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. தராசிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். பிறகு, "எந்தச் சட்டையோட கிடந்தனானாம்?" என்றார்.

அந்தக் கேள்வியோடு என் இரண்டு பக்கமும் போயிற்று. இனி வருவது அவர் கதை.

2

முதல் வரைவில் ஒரு தாய் இருந்தாள். நெற்றியில் திலகமிட்டு மகனைக் களத்துக்கு அனுப்பினாள். குழுத் தலைவருக்கு மிகவும் பிடித்தது. ஆனால் சந்திரகுமாரின் தாய் போருக்கு முன்பே காலமாகிவிட்டார். வெள்ளைச் சேலை கட்டி எழும்பி வந்தவளை மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினேன்.

வீட்டுக்கு ஒருத்தர் களத்துக்கு வரவேணும் என்று இயக்கம் அறிவித்தது. சந்திரகுமாரின் வீட்டில் இருந்ததே ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் அப்போது வயலுக்கு மடை திறந்துவிட்டு நின்றார். வாகனம் வரம்போரம் வந்து நின்றது.

"மடையைக் கட்டிப்போட்டு வாறன்."

"நாங்கள் கட்டுறம். நீங்கள் ஏறுங்கோ அண்ணை." மரியாதையில் குறையில்லை.

அவர்கள் கட்டவில்லை. பிறகு பதுங்குகுழிக்குள் கிடந்தபோது, தலைக்கு மேலே செல் கூவிப் போகும் ஒவ்வொரு முறையும், நீர் பாய்ந்துகொண்டேயிருக்கும் அந்த வயல்தான் அவர் கண்ணில் நின்றது.*

* இந்த இடத்தை "தாயக நினைவு" என்று திருத்தச் சொன்னார் தலைவர். அது மடை நினைவு.

துவக்கைப் பிடிக்கப் பழக்கினார்கள். சுடப் பழக்க ரவை மிச்சமில்லை. ஒரு படம் எடுத்தார்கள். கழுத்தில் கட்ட இலக்கத் தகடு கொடுத்தார்கள். கயிறு வியர்வைக்கு அரித்தது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். களத்தில் அவர் எடுத்த ஒரே சொந்த முடிவு அது.

கூடக் கிடந்தவன் ரதீசன், அவரைப் போலவே ஏற்றிக்கொண்டு வரப்பட்டவன். ஒரு நாள் காய்ச்சலில் வெடவெடத்தான்.

"அண்ணை, உங்கட சட்டையையும் தாங்கோ. குளிருது. விடியத் தாறன்."

"ஊத்தைச் சட்டையடா."

"நான் மட்டும் என்ன, பவுடர் போட்டுக்கொண்டோ கிடக்கிறன்?"

சட்டையைக் கொடுத்துவிட்டு, அவனுக்குத் தண்ணீர் எடுக்க வெறும் மேலோடு போனார் சந்திரகுமார். திரும்பி வந்தபோது குழி இருந்த இடத்தில் வேறொரு குழி இருந்தது. ரதீசனுக்கு முகம் இல்லை. சட்டை இருந்தது. தண்ணீர்க் கானை அவனருகே வைத்தார். பிறகு சனத்தோடு சனமாக ஓடினார்.

சட்டைப் பையிலிருந்த தகட்டை யாரோ எடுத்தார்கள். இலக்கம் பெயராயிற்று, பெயர் படமாயிற்று, படத்துக்குப் பதவியும் கிடைத்தது.

3

நினைவுநாளன்று மண்டபத்துக்குப் பூப்பெட்டி கொண்டுபோகும் வேலையைச் சந்திரகுமார் கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் கூடப் போனேன். அவருடைய படம் வரிசையில் கடைசியாக, கதவோரம் இருந்தது. மெலிந்த முகம், நிறைய மயிர்.

"அண்ணை, இது நான்," என்றார் தலைவரிடம்.

(இந்தத் தலைவரை நான் மிகைப்படுத்துகிறேனோ என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. அவர் பேசுவதை அப்படியே போடுகிறேன்.)

"நீர் உயிரோட இருக்கிறீர் எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

"நிக்கிறன்தானே அண்ணை."

"அது சரி. ஆனா கமிற்றியில தீர்மானம் எடுக்காமல் ஒரு வீரரைக் கழட்டேலாது. பிரேமும் போட்டாச்சு. தம்பி, உயிரோட இருந்திருந்தால் உமக்கு லெப்டினன்ட் கிடைச்சிருக்குமோ? யோசியும்."

"எனக்கு ஒண்டும் வேண்டாம். செத்தது ரதீசன். அவன்ர பேரைப் போடுங்கோ. அது காணும்."

"படம் கொண்டாரும், பாப்பம்."

"என்னட்டை எங்கால படம்?"

அந்த நேரத்தில்தான் சிவமலர் உள்ளே வந்தாள். வடக்கு லண்டன் எட்மண்டனிலிருந்து வருபவள். காணாமற்போன தன் தம்பியின் படத்தைப் பிடித்தபடி ஒவ்வொரு ஆண்டும் வருகிறாள், அழுவதற்கல்ல, சரிபார்ப்பதற்கு. முதல் படத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கதவோரம் வந்ததும் மூச்சை விட்டாள்.

"இல்லை," என்றாள் தனக்குத்தானே. "அப்ப இருக்கிறான்."

பிறகு கையிலிருந்த பூவைக் கடைசிப் படத்துக்கு வைத்தாள். பூப்பெட்டியோடு நின்றவரைப் பார்த்துச் சொன்னாள்:

"இந்த மனிசனுக்கு ஒருத்தரும் வாறேல்லை அண்ணை. பாவம். நான் இவருக்குப் பூ வைச்சால், அங்க என்ர தம்பிக்கும் ஆரோ சோறு போடுவினம்தானே."

(பொருத்தம் அதிகம் என்பீர்கள். அவள் தேடி முடிகிற இடத்தில் பூவை வைக்கிறாள். அங்கே இந்தப் படத்தை மாட்டியது கமிற்றி, நான் அல்ல.)

சந்திரகுமார் அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார்.

"ஏன் அண்ணை அப்பிடிப் பாக்கிறியள்? நீங்கள் அங்க நிண்டனியளோ? இவனைக் கண்டனியளோ?" அவள் படத்தை அவர் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள்.

4

முடிவு, முதல் வகை: அவர் சொல்லிவிடுகிறார். அவள் அந்தப் படத்தடியிலேயே

(அழித்துவிட்டேன். அவள் விழுவதற்கு நல்ல உவமை ஒன்று வைத்திருந்தேன். உவமை அழகாக இருந்தது. அதனால்தான் அழித்தேன்.)

இன்னொரு வகை: "இல்லைத் தங்கச்சி, காணேல்லை." ரதீசன் எங்கோ சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பான். சந்திரகுமார் ஆண்டுக்கு ஒருமுறை பூ சுமந்து வந்து, செத்தவராக நின்று, அவள் வைப்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்குத் திரும்புவார். ரதீசனுக்கு அவன் அக்காவின் பூ கிடைக்கும், அவளுக்குத் தெரியாமலே. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆறுதல் எனக்கு, அவருக்கல்ல.

தலைவரிடமும் ஒரு முடிவு இருக்கிறது. அதில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்.

இன்று காலை அவர் மறுபடி போன் எடுத்தார். "நினைவுநாளும் முடிஞ்சுது, மலர் பிந்திப்போச்சு, அச்சுக்குப் போகவேணும். அந்தப் படத்துக்குக் கீழ என்ன பேர் போடுறது? கெதியாச் சொல்லும்."

எனக்கு ஏலாது. இடம் விட்டிருக்கிறேன்:

லெப்டினன்ட் ...............................

பேனா உங்களிடம். சந்திரகுமார் வாயைத் திறந்துவிட்டார், சொல் இன்னும் வரவில்லை. சிவமலர் படத்தை இறக்கவில்லை. இவ்வளவு நேரத்துக்கு அவளுக்குக் கை நோகத் தொடங்கியிருக்கும்.