பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக்கு வந்த கடிதம்

எங்கள் தெருப் பள்ளிக்குப் பரிசு கொடுக்கிற நாள் காலையில்தான் தபால்காரர் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தார். நான் சலவைக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உறையின் மேல் பள்ளியின் முத்திரையைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்னவளுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நினைக்காமல் என்ன செய்வேன்? அந்த வீட்டில் பதினோரு வருஷமாகக் குடியிருப்பது நாங்கள்தானே.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பெரியவளிடம் கொடுத்தேன். அவள் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. சுற்றுவட்டாரத்திலேயே வாசிப்பில் முதலாவதாக வந்தவள். அவளையும் அவளை மாதிரி கூலிக்காரர் பிள்ளைகளையும் வைத்துத்தான் பள்ளிக்குப் பரிசே வந்தது. கடகடவென்று வாசித்தாள். "வீட்டு எண் பன்னிரண்டு" வரைக்கும் சரியாக இருந்தது. பெயர்தான் யாரோ ஒரு பையனுடையது.

"நம்ம வீட்டுல ஏதும்மா பையன்?" என்றாள்.

சின்னவளை மிளகு என்று கூப்பிடுவோம். அக்காவின் பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஒரு மாதமாகத் தினமும் அதுதான். "எனக்குத்தானே வந்திருக்கு?" என்று கேட்டாள்.

வீட்டுச் சொந்தக்காரரின் வேலை என்று புரிய எனக்கு நேரமாகவில்லை. பரிசு என்ற செய்தி பரவியதிலிருந்து, நேற்றுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் தெருவைத் தாண்டிப் போன ஜனமெல்லாம் கார் வைத்துக்கொண்டு வந்து இறங்கியது. இந்தப் பகுதியில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இடம் என்பது விதி. அதனால் வீட்டுக்காரர்களைப் பிடித்து வாடகைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். எங்கள் வீட்டுக்காரரும் பன்னிரண்டாம் நம்பரை அப்படித்தான் யாருக்கோ எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்களுக்கோ பதினோரு வருஷத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூட அவர் எழுதித் தந்ததில்லை. பத்திரம் இல்லாததால் மிளகைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். அதில் முதல் பெயர் அவளுடையது.

தலைமையாசிரியையான பெரிய டீச்சர் லேசுப்பட்டவர் இல்லை. இடம் கிடைத்தவர்களுக்குத் தபாலில்தான் கடிதம் வரும், அதை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொண்டுவந்து காட்ட வேண்டும், காட்டாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டார். பொய் முகவரி கொடுத்தவன் கையில் தபால் எப்படிக் கிடைக்கும்? அன்று வெள்ளிக்கிழமை. கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். நாலு மணிவரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

விழாவில் வீட்டுக்காரர் நேராக என்னிடம் வந்தார். பின்னால் ஒரு கணவன் மனைவி, அந்தப் பையனைப் பெற்றவர்களாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஆள் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, தபால் ஏதாவது வந்துச்சா?"

"வரலைங்க."

வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். பெரியவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மேடைக்குப் போனாள்.

கல்வி அதிகாரி கேடயத்தைக் கொடுத்துவிட்டு, "இந்த ஏழைப் பெற்றோர்தான் இந்தப் பள்ளியின் பெருமை" என்றார். பலத்த கைதட்டல். ஏழைப் பெற்றோர் நாங்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். நாற்காலிகள் கார்க்காரர்களுக்கே போதவில்லை. பெரியவள் நன்றியுரையைத் திக்காமல் வாசித்தாள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று பக்கத்தில் நின்றவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பயத்தில் வந்த அழுகை அது.

மூன்றரை மணிக்கு அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தக் கணவன் மனைவியும் வீட்டுக்காரரும் பெரிய டீச்சர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தபால் வழியில் தொலைந்துவிட்டதாம். பக்கத்தில் கேக் தின்றுகொண்டிருந்த அதிகாரி, "ஒரு நகல் குடுத்துடுங்களேன் டீச்சர், நல்ல நாளும் அதுவுமா" என்றார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பெரிய டீச்சர் தயங்கித் தயங்கிப் பேனாவை எடுத்தார்.

வீடா, பிள்ளையா என்று யோசிக்கக்கூட இல்லை. கால் தானாக உள்ளே போனது.

"டீச்சர், தபால் தொலையல. எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. பன்னெண்டாம் நம்பர்ல இருக்கிறது நாங்க." வியர்வையில் நனைந்த கடிதத்தை மேசை மேல் வைத்தேன்.

பெரிய டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு அந்த ஆளைப் பார்த்து, "உங்க வீட்டு வாசக்கதவு என்ன கலருங்க?" என்று கேட்டார். அந்த ஆள் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார். அதிகாரி கேக்கைக் கீழே வைத்துவிட்டார். பெரிய டீச்சர் பையன் பெயரை அடித்துவிட்டு மிளகின் பெயரை எழுதினார்.

வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வராந்தாவில் பெரிய டீச்சர் என் பின்னாலேயே வந்தார். "பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் எல்லா வீட்டுக்கும் இன்னொரு தபால் போகும்மா. நான் வெச்ச விதிதான், உங்களுக்குன்னு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க. அப்ப நீங்க இந்த ஏரியாக்குள்ள இருக்கணும், இல்லேன்னா இடம் போயிடும். எங்கயாவது ஒரு ரூமாவது புடிச்சுடுங்க." நான் தலையை ஆட்டினேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறது என்பது இதுதான்.

பள்ளியின் பகுதிக்குள் வரும் மூன்று தெருக்களிலும் ஒரு கதவு விடாமல் தட்டினேன். காலி அறை ஒன்றும் இல்லை. இருந்த ஒன்றிரண்டுக்கும் எங்கள் இரண்டு மாதக் கூலியைக் கேட்டார்கள். பொழுது சாய வீட்டுக்கு வந்தால், வாசலில் ஏற்கெனவே ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மிளகு சீருடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன எழுதியிருக்குது, வாசிடி" என்றேன்.

பெரியவள் மேடையில் நின்ற மாதிரியே நிமிர்ந்து நின்று வாசித்தாள். "வீடு வாடகைக்கு. பரிசு பெற்ற பள்ளிக்கு மிக அருகில்."

ஒரு பிழை இல்லை. மிளகு கை தட்டினாள்.